மூன்று கிராம், எண்ணூறு கிலோமீட்டர்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மே மாதம் பிறந்துவிட்டால் பல வீட்டுக் கொல்லைப்புறங்களில் ஒரு சின்ன வேலை நடக்கும். சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் புட்டி ஒன்றைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவி, சீனித் தண்ணீர் ஊற்றி, போன ஆண்டு மாட்டிய அதே கொக்கியில் மாட்டுவார்கள். டொராண்டோ பக்கம் உறவினர் இருப்பவர்கள் போனில் வந்த வீடியோவிலாவது இதைப் பார்த்திருக்கலாம். ஒரு நாள் காலையில் வண்டு பறப்பதுபோல் ஒரு ரீங்காரம் கேட்கும். ஒன்பது சென்டிமீட்டர்கூட நீளமில்லாத ஒரு பறவை புட்டிக்கு முன்னால் அந்தரத்தில் அசையாமல் நின்று ஊசி அலகை நுழைத்துக் குடிக்கும்.

ஊசி அலகும் தேன் குடிக்கும் பழக்கமும் நம் ஊர்த் தேன்சிட்டை நினைவுபடுத்தும். ஆனால் இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. இது ரீங்காரச்சிட்டு, ஆங்கிலத்தில் ஹம்மிங்பேர்ட். அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் இல்லாத குடும்பம். உறவுமுறை பார்த்தால் உழவாரன் குருவிக்குத்தான் கிட்டத்துச் சொந்தம். வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் கூடு கட்டும் ரீங்காரச்சிட்டு ஒரே ஒரு இனம்தான். ஆணின் தொண்டையில் மாணிக்க நிறத் திட்டு இருப்பதால் மாணிக்கக்கழுத்துச் சிட்டு என்று அழைப்போம். அந்தத் திட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் வெறும் கறுப்பு. பறவை தலையை ஒரு விரற்கடை திருப்பினால் போதும், கனல் ஊதிவிட்டதுபோல் சிவப்பு எரியும். இறகில் சிவப்புச் சாயம் ஏதும் இல்லை. இறகின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும் கோணம்தான் நிறமாகத் தெரிகிறது.

வீட்டுக்காரர்களை வியக்க வைப்பது நிறம் மட்டுமல்ல. புட்டி மாட்ட ஒரு வாரம் தாமதமாகிவிட்டால், சில வீடுகளில் சிட்டு வந்து வெறும் கொக்கியின் முன்னால் நின்று பார்க்கும். குளிர்காலம் முழுவதும் அது தெற்கு மெக்சிகோவிலோ கோஸ்டாரிகாவிலோ இருந்தது. எடை ஏறக்குறைய மூன்று கிராம். நம் ஒரு ரூபாய் நாணயம் அதைவிடக் கனம். இந்த உயிர் எப்படி நாள் பார்த்துக் கிளம்பியது? நடுவில் கிடக்கும் கடலை எப்படித் தாண்டியது? கொக்கியை எப்படி நினைவில் வைத்திருந்தது?

வாத்தின் முதுகில் சவாரி

கடலைப் பற்றிய கேள்விக்கு வட அமெரிக்கக் கிராமங்களில் ஒரு பழைய விடை உண்டு. சிட்டு பறப்பதில்லை, தெற்கே போகும் பெருவாத்தின் முதுகு இறகுக்குள் ஒளிந்து சவாரி செய்கிறது என்பார்கள். கேட்கச் சுவையான கதை. ஆனால் கனடா வாத்துகள் குளிர்காலத்துக்கு மத்திய அமெரிக்கா வரை போவதே இல்லை. திரும்புவதும் பனி உருகும் முன்பே. ஏரியில் பனிக்கட்டி மிதக்கும்போதே ஒன்டாரியோ வந்துவிடும். சிட்டு வர அதற்குப் பிறகு வாரக்கணக்கில் ஆகும். வண்டியும் பயணியும் ஒரே ஊரிலும் இல்லை, ஒரே தேதியிலும் இல்லை.

கதையை நம்பியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று கிராம் உயிர் மெக்சிகோ வளைகுடாவைத் தனியே கடக்கிறது என்பதை நம்புவதைவிட வாத்துச் சவாரியை நம்புவது எளிது. அறிவியலாளர்களே நீண்ட காலம் தயங்கினார்கள்.

மதுரைப் பகலும் மைனஸ் 40 டிகிரியும்

முதலில் நாள் பார்க்கும் விஷயம். ஒன்டாரியோவில் பனி உருகியதா, பூ விரிந்ததா என்று கோஸ்டாரிகாவில் இருக்கும் பறவைக்குத் தெரிய வழியே இல்லை. அங்கே வெப்பநிலையும் ஆண்டு முழுக்கப் பெரிதாக மாறாது. அப்படியானால் எது அதைக் கிளப்புகிறது?

1924 இலையுதிர் காலத்தில் கனடாவின் எட்மன்டன் நகரில் வில்லியம் ரோவன் என்ற விலங்கியல் பேராசிரியர் ஒரு சோதனையைத் தொடங்கினார். வலசை போகும் ஜுன்கோ என்ற சிறு பறவைகளைப் பிடித்துத் திறந்தவெளிக் கூண்டுகளில் வைத்தார். ஒரு கூண்டுக்கு மட்டும் மின்விளக்கு. மாலையில் இருட்டிய பிறகும் விளக்கை எரியவிட்டு, ஒவ்வொரு நாளும் சில நிமிடம் பகலை நீட்டிக்கொண்டே போனார். கூண்டில் சூடேற்றும் ஏற்பாடு எதுவும் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் வெப்பம் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே இறங்கியது.

பறவைகளின் இனப்பெருக்க உறுப்புகள் பருவம் முடிந்ததும் சுருங்கிப்போகும், வசந்தத்தில் மறுபடி பெருக்கும். விளக்கில்லாக் கூண்டுப் பறவைகளுக்கு அவை சுருங்கியே இருந்தன. விளக்குக் கூண்டில் இருந்தவற்றுக்கோ, உறைபனியின் நடுவே, வசந்தம் வந்துவிட்டதுபோல் பெருத்திருந்தன. உடம்பு கேட்டது வெப்பத்தின் சொல்லை அல்ல, பகல்நீளத்தின் சொல்லை. 1925-ல் ரோவன் இதை வெளியிட்டார்.

பகல்நீளத்தை அளப்பது கண் மட்டும் செய்யும் வேலையும் அல்ல. பறவைகளின் மூளைக்குள்ளேயே ஒளி உணரும் செல்கள் இருக்கின்றன. மண்டையோட்டின் மெல்லிய எலும்பை ஊடுருவி வரும் வெளிச்சம் அவற்றுக்குப் போதும்.

எட்மன்டனில் பகல்நீளம் கோடைக்கும் குளிருக்கும் பல மணி நேரம் வேறுபடும். கோஸ்டாரிகாவில்? அதன் தலைநகர் சான் ஹோசேயும் மதுரையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. மதுரைக்காரர் யாராவது "இன்றைக்குப் பகல் நீண்டுவிட்டது" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகல் சுமார் பதினொன்றரை மணி, மிக நீண்ட பகல் பன்னிரண்டே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. ஆறு மாதத்தில் ஒன்றேகால் மணிக்கும் குறைவான வித்தியாசம். நமக்குப் புலப்படாத இந்த வித்தியாசம் பறவைக்குப் புலப்படும். பனாமாக் காட்டில் வலசையே போகாமல் வாழும் எறும்புப் பறவை ஒன்றை மைக்கேலா ஹாவ் என்ற ஆய்வாளர் சோதித்தபோது, பகலை வெறும் 17 நிமிடம் நீட்டியதற்கே அதன் உடம்பு இனப்பெருக்கத்துக்குத் தயாராகத் தொடங்கியது. அந்த ஆய்வு 1998-ல் வெளிவந்தது. வலசைப் பறவைகள் பலவற்றுக்கு இதோடு உடம்புக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரமும் ஓடுகிறது. பகல்நீளத்தை மாற்றாமல் வைத்தாலும் கூண்டுப் பறவைகள் பருவம் தவறாமல் இரவில் படபடக்கும். இதைப் பயணத் தவிப்பு என்று வைத்துக்கொள்வோம்.

ஆக, சிட்டு கிளம்புவது ஒன்டாரியோவில் வசந்தம் வந்ததால் அல்ல. கோஸ்டாரிகாவில் பகல் சில நிமிடம் நீண்டதால்.

கையிருப்பு இரண்டு கிராம்

இனி கடல். யுகாட்டன் தீபகற்பத்தின் வடமுனையிலிருந்து அமெரிக்காவின் தென்கரை வரை சுமார் 800 கிலோமீட்டர். நடுவில் உட்காரக் கிளை இல்லை, குடிக்கப் பூ இல்லை.

ரீங்காரச்சிட்டின் உடம்புதான் பிரச்சினை. நொடிக்கு ஐம்பது முறை அளவில் சிறகடிக்கும் உயிர் எரிபொருளைத் தண்ணீராகச் செலவழிக்கிறது. 1950-ல் ஆலிவர் பியர்சன் என்ற உடலியல் ஆய்வாளர் கணக்குப் போட்டுப் பார்த்து, கையிருப்பு வளைகுடாவைத் தாண்டப் போதாது என்ற முடிவுக்கு வந்தார். சிட்டுகளோ அதைப் படிக்காமல் தாண்டிக்கொண்டிருந்தன. 1962-ல் ராபர்ட் லாசியெவ்ஸ்கி கணக்கைத் திரும்பப் போட்டார். பறக்கும் சிட்டு எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கிறது என்ற அளவைக் கொண்டு அது எரிக்கும் சக்தியைக் கணித்தார். எண்களைச் சற்றே உருட்டிக்கொண்டு அவர் வழியில் நாமும் போட்டுப் பார்க்கலாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

கடலோரத்துக்கு வந்த சிட்டு புறப்படும் முன் வெறி பிடித்ததுபோல் தின்னும். தேன் மட்டுமல்ல, கொசுவும் சிலந்தியும்கூட. தின்றதெல்லாம் கொழுப்பாக மாறித் தோலுக்கடியில் சேரும். மூன்று கிராமாக இருந்த பறவை ஐந்து கிராமைத் தொடும். பறவை ஆய்வாளர்கள் சிட்டைக் கையில் பிடித்து, வயிற்று இறகை வாயால் ஊதி விலக்கிப் பார்ப்பார்கள். காகிதம்போன்ற தோலுக்கு அடியில் மஞ்சள் கொழுப்பு மேடிட்டுத் தெரியும்.

கையிருப்பு 2 கிராம் கொழுப்பு. ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் 9 கலோரி. பிஸ்கட் பொட்டலத்தில் அச்சடித்திருக்கும் அதே கலோரிதான். மொத்தம் 18 கலோரி. ஒரு சின்ன பிஸ்கட்டுக்குக்கூடக் காணாது.

பறக்கும்போது செலவு மணிக்கு ஏறக்குறைய முக்கால் கலோரி. பதினெட்டை முக்காலால் வகுத்தால் 24. அதாவது 24 மணி நேரம் ஓயாமல் பறக்கலாம். காற்றே இல்லாத நாளில் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால், மொத்தம் 960 கிலோமீட்டர் போகலாம். கடலின் அகலம் 800. தாண்டிவிடும். மாலை ஆறு மணிக்குக் கரையை விட்டால் மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு அடுத்த கரை.

ஏன் கொழுப்பு? சிட்டு குடிப்பது சர்க்கரைதானே, அதையே சேமித்தால் என்ன? உடம்பு சர்க்கரையைச் சேமிக்கும்போது வெறும் சர்க்கரையாகச் சேமிக்காது. ஒவ்வொரு கிராமும் தன் எடையைப்போல் மூன்று மடங்கு தண்ணீரைக் கட்டிக்கொண்டு உட்காரும். சர்க்கரையின் ஒரு கிராமுக்கு 4 கலோரி. தண்ணீரோடு சேர்த்து நிறுத்தால் அது 4 கிராம். எனவே சுமக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் ஒரே ஒரு கலோரி. 18 கலோரிக்கு 18 கிராம் மூட்டை. மூன்று கிராம் பறவை தன் எடையைப்போல் ஆறு மடங்கைத் தூக்க வேண்டியிருக்கும். தரையை விட்டே எழும்பாது.

இப்போது கணக்கில் காற்றைச் சேர்ப்போம். விஷயமே இங்கேதான் இருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் 800 கிலோமீட்டரை முடிக்க, மணிக்குக் குறைந்தது 33 கிலோமீட்டராவது முன்னேற வேண்டும். சிட்டின் வேகம் 40. மிச்சம் 7. அதாவது வழி முழுக்க எதிர்க்காற்று மணிக்கு 7 கிலோமீட்டருக்குள் இருந்தால் பிழைக்கும். மணிக்கு 7 கிலோமீட்டர் காற்று என்றால் வேப்பிலை லேசாக ஆடும், கன்னத்தில் பட்டால் தெரியும், அவ்வளவுதான். எதிர்க்காற்று 10 ஆனால் கடலைத் தாண்ட 26 மணி நேரத்துக்கு மேல் ஆகும். எரிபொருளோ 24-ல் தீர்ந்துவிடும். அதே காற்று முதுகுப் பக்கம் 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், பதினைந்து மணி நேரத்துக்குள் கரை.

நாம் போட்டது தோராயக் கணக்கு. கொழுப்பு எரிய எரியப் பறவை இலகுவாகும், செலவு கொஞ்சம் குறையும். நன்றாகக் கொழுத்த பறவை இரண்டு கிராமுக்கு மேலும் ஏற்றிக்கொள்ளும். ஆனாலும் கணக்கின் குணம் மாறாது. தெற்குக் காற்றுக்காகக் காத்திருந்து கிளம்புவது சிட்டுக்கு விருப்பத் தேர்வு அல்ல. கிளம்பிய பிறகு நடுக்கடலில் வடக்கிலிருந்து மழையும் காற்றும் எதிர்ப்பட்டால் அது பாடு திண்டாட்டம். அப்படிப்பட்ட நாட்களில் லூசியானா, அலபாமா கரையோர மரங்களில் எல்லா இனத்து வலசைப் பறவைகளும் கூட்டங்கூட்டமாக வந்து விழும். பறவை பார்க்கிறவர்களுக்கு அன்று திருவிழா. கரையைத் தொடாமல் போனவற்றைப் பார்க்க ஆளில்லை.

எல்லாச் சிட்டும் இந்தச் சூதாட்டத்தில் இறங்குவதில்லை. மெக்சிகோ, டெக்சாஸ் கரையோரமாகவே சுற்றிக்கொண்டு வருபவையும் உண்டு.

நிலவுக்கு முன்னால் கறுப்புப் புள்ளிகள்

வளைகுடாவை எந்தப் பறவையாவது வசந்தத்தில் நேராகக் கடக்கிறதா என்பதே ஒரு காலத்தில் சண்டைக்குரிய கேள்வி. 1945-ல் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்பவர், பறவைகள் கரையோரமாகத்தான் வருகின்றன என்று எழுதினார். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் லோரி மறுத்தார். யுகாட்டனின் புரோகிரேசோ துறைமுகத்தில் தொலைநோக்கியை முழு நிலவுக்கு நேராகத் திருப்பி வைத்து, நிலவின் வட்டத்தைக் குறுக்கே வெட்டிப் போகும் கறுப்புப் புள்ளிகளை எண்ணினார். புள்ளிகள் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. 1960-களில் சிட்னி கோத்ரோ என்ற மாணவர் லூசியானாவின் வானிலை ரேடார் திரைகளைப் பார்க்கத் தொடங்கிய பிறகு வாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று. பறவைக் கூட்டங்கள் கடல்மேல் மேகம்போல் திரையில் நகர்ந்து வந்தன.

பூவுக்கு முன்னே வருபவன்

சிட்டுகளின் முன்வரிசை மார்ச் வாக்கில் தென்கரையை எட்டுகிறது. டொராண்டோவை எட்டுவதோ மே மாதத்தின் முதல், இரண்டாம் வாரங்களில். நடுவில் சுமார் 1,600 கிலோமீட்டர், எட்டு வாரம். முன்வரிசை நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர்கூட நகரவில்லை. கடலை ஒரே மூச்சில் தாண்டிய பறவைக்கு இது ஊர்ந்து போவதுதான். நிலத்தில் அவசரப்பட்டுப் பயனில்லை. வடக்கே போகப் போக உணவு குறைவு.

ஆனால் ஆண் சிட்டு கொஞ்சம் அவசரக்காரன். நல்ல இடத்தை முதலில் வளைத்துப் போட்டவனுக்குத்தான் பெண் கிடைக்கும். ஆகவே பெண்களுக்குப் பல நாள் முன்னதாகவே வந்துவிடுவான். ஒன்டாரியோவில் மே தொடக்கத்தில் அவன் குடிக்கிற குழல் வடிவப் பூக்கள் பெரும்பாலும் விரிந்திருக்காது. பட்டினி கிடக்காமல் காப்பது ஒரு மரங்கொத்தி. சாறுறிஞ்சி மரங்கொத்தி எனலாம். பிர்ச், மேப்பிள் மரப்பட்டைகளில் இது வரிசை வரிசையாகச் சின்னத் துளைகள் போட்டு, கசியும் இனிப்புச் சாற்றை நக்கும். துளையிடும் அலகு சிட்டுக்குக் கிடையாது. மரங்கொத்தி அந்தப் பக்கம் நகர்ந்ததும் இவன் துளையில் நாக்கை நீட்டுவான். சாற்றில் மொய்க்க வந்த பூச்சியையும் பிடித்துக்கொள்வான். மரங்கொத்தியின் துளைகள் இல்லாவிட்டால் இவ்வளவு வடக்கே, இவ்வளவு சீக்கிரம் வர அவனுக்குத் துணிவு வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இரவுக் குளிரைச் சமாளிக்க இன்னொரு வித்தை. உடல் வெப்பத்தை வெகுவாகத் தணித்து, நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் துடிக்கும் இதயத்தை மெதுவாக்கி, தொட்டாலும் எழாத நிலைக்குப் போய்விடும். இதை முடக்கத்துயில் எனலாம். விடியும் நேரத்தில் தசைகளை நடுக்கி உடம்பைச் சூடாக்கிக்கொண்டு எழும். குளிர்ந்த காலையில் கிளையில் விறைத்திருக்கும் சிட்டைப் பார்த்துச் செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

கொக்கி நினைவில் நின்றது எப்படி

குட்டிச் சிட்டுக்கு வழிகாட்ட ஆள் இல்லை. அப்பன் குஞ்சு வளர்க்க உதவுவதே கிடையாது. குஞ்சுகளைப் பறக்கவிட்டதும் தாயும் தன் வழியைப் பார்க்கப் போய்விடும். பிறந்த அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் குஞ்சு தனியாகத் தெற்கே கிளம்புகிறது. திசை பிறவியிலேயே வந்திருக்க வேண்டும். ஆனால் கொக்கி பிறவியில் வராது. அது கற்றுக்கொண்டது.

ரீங்காரச்சிட்டுகளின் நினைவாற்றலைச் சூசன் ஹீலி, ஆண்ட்ரூ ஹர்லி என்ற ஆய்வாளர்கள் நீண்ட காலம் சோதித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது வட அமெரிக்காவின் மேற்கு மலைப் பகுதியின் செம்பழுப்பு ரீங்காரச்சிட்டு. செயற்கைப் பூக்களை நட்டு, சிலவற்றைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறையும் சிலவற்றை இருபது நிமிடத்துக்கு ஒரு முறையும் சர்க்கரைத் தண்ணீரால் நிரப்பினார்கள். எந்தப் பூ எப்போது நிரம்பும் என்று பறவைகள் தெரிந்துகொண்டு அதற்கேற்ற இடைவெளியில் வந்தன. பூவைக் கொஞ்சம் தள்ளி வைத்தால், எதிரே பூ தெரிந்தாலும் பழைய இடத்துக்கே வந்து வெறும் காற்றில் நின்று தேடின. நிறத்தைவிட இடமே அவற்றுக்குப் பெரிய அடையாளம். இட நினைவைக் காக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி, மூளையின் அளவோடு ஒப்பிட்டால், ரீங்காரச்சிட்டுகளுக்கு மற்றப் பல பறவைகளைவிடப் பெரிது. ஆகவே வெறும் கொக்கி முன்னால் நின்ற சிட்டு புட்டியைத் தேடி வரவில்லை. புட்டி இருந்த இடத்துக்கு வந்தது.

வந்தது அதே சிட்டுத்தானா? காலில் வளையம் மாட்டி விட்டு, மறு ஆண்டு அதே தோட்டத்தில் அதே எண்ணைப் பிடித்திருக்கிறார்கள். சிட்டின் கால் மிக மெல்லியது என்பதால் வளையத்தை மெல்லிய அலுமினியத் தகட்டிலிருந்து கையால் வெட்டித் தேய்த்துச் செய்ய வேண்டும். இதற்கெல்லாம் முன்னோடி என்று பறவை ஓவியர் ஆடுபானைச் சொல்வார்கள். 1804-ல் பென்சில்வேனியாவில் வேறோர் இனப் பறவைக் குஞ்சுகளின் காலில் வெள்ளி இழை கட்டி விட்டதாகவும், மறு வசந்தத்தில் அவற்றில் இரண்டைக் கண்டதாகவும் அவரே எழுதினார். மறு வசந்தத்தில் மனிதர் பிரான்சில் இருந்தார் என்று பிற்பாடு தெரியவந்தது.

பழைய அட்டைகள்

1881-ல் வெல்ஸ் குக் என்பவர் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஒரு வேண்டுகோள் வைத்தார். உங்கள் ஊருக்கு எந்தப் பறவை எந்தத் தேதியில் முதலில் வந்தது என்று எழுதியனுப்புங்கள் என்று. 1970 வரை இப்படிச் சேர்ந்த அட்டைகள் சுமார் 60 லட்சம். எழுதியவர்களில் கணிசமானோர் தம் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்து எழுதிய சாதாரண ஆட்கள்.

2013-ல் வந்த ஓர் ஆய்வு, அந்த அட்டைகளில் 1969 வரையிலான மாணிக்கக்கழுத்துச் சிட்டின் தேதிகளை 2001–2010 காலத்துத் தேதிகளோடு ஒப்பிட்டது. இப்போது சிட்டுகள் 11 முதல் 18 நாள் முன்னதாகவே வருகின்றன. எவ்வளவு என்பது அட்சரேகையைப் பொறுத்தது. இதைக் கேட்டதும் பூமி சூடாகிறது, பறவை முந்துகிறது என்று சொல்லத் தோன்றும். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் பகல்நீளம் மாறவில்லை. அது இன்றும் 1881-ல் இருந்த அளவுதான். கிளம்பும் நாளை அதுதான் பெரிதும் தீர்மானிக்கிறது என்றால், தேதி முந்துவதற்கு இடமிருப்பது முக்கியமாக நிலப் பயணத்தில். தெற்கே வசந்தம் சீக்கிரம் சூடு பிடித்தால் சிட்டு ஊர்வதை விட்டுக் கொஞ்சம் எட்டி நடை போடலாம்.

இன்னொரு சிக்கல், பார்க்கிறவர்களின் எண்ணிக்கை. பத்துப் பேர் பார்த்த ஊரில் ஆயிரம் பேர் பார்த்தால், பறவை ஒரு நாள்கூட முந்தாவிட்டாலும் "முதல் வருகை" முந்திவிடும். வழி தவறி முன்னால் வந்த ஒற்றைச் சிட்டு யாராவது ஒருவர் கண்ணில் பட்டே தீரும். இன்று கொல்லைதோறும் சீனித் தண்ணீர்ப் புட்டி வேறு தொங்குகிறது. (ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர், வெல்லமும் தேனும் வேண்டாம், சிவப்புச் சாயம் வேண்டவே வேண்டாம், வெயில் நாட்களில் இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.) இந்தக் கோணலைச் சரிசெய்ய ஆய்வாளர்களுக்குத் தேவைப்படுவது, சிட்டு வந்த தேதி மட்டுமல்ல, பார்த்துக்கொண்டிருந்தும் அது வராத நாட்களின் பட்டியலும். புட்டியை ஏப்ரல் கடைசியிலேயே மாட்டிவிட்டு, காலண்டரில் "இன்று இல்லை" என்றும் குறித்து வைக்கும் ஒரு வீடு, மே 10 அன்று "வந்தாச்சு" என்று மட்டும் எழுதும் பத்து வீடுகளைவிட அவர்களுக்கு அதிகம் உதவுகிறது.